குத்துமதிப்பாக அடிக்கலாமா?

கேள்வி: எம்.டெக். சேர 'கேட்' எழுதப்போகிறேன். தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது 'டிக்' அடித்துவிட்டு வரலாமா?
- வாசகி, மணமேல்குடி

பதில்: அடிக்கலாம், கண்ணை மட்டும் மூடாதீர்கள்! நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் 1 மதிப்பெண் கேள்வியில் விடை தப்பினால், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பறிபோகும். கணக்குப் போட்டால், குருட்டாம்போக்கில் அடிப்பவருக்குச் சராசரி லாபம் பூஜ்யம். ஒன்றாவது நிச்சயம் தப்பு என்று கழிக்கத் தெரிந்தால், மீதி மூன்றில் துணிந்து இறங்கலாம். விடை எண்ணை நாமே தட்டும் கேள்விகளுக்கு 'மைனஸ்' இல்லை. ஆனால் அங்கே யூகிப்பது, உங்கள் ஊர்க் கடலில் தூண்டில் போட்டுத் திமிங்கிலத்துக்குக் காத்திருப்பது போல. 100-க்கு 15 மதிப்பெண் பொதுத்திறனுக்கு. பொறியியல் புலிகளும் அங்கே கோட்டைவிடக்கூடும். வாங்கும் ஸ்கோர் 3 ஆண்டு செல்லும். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடவும் உதவும்.