குறிஞ்சிக்கு ஒரு 17பி

பெறுநர்: மரக்கன்று நடும் திட்ட அலுவலர் அவர்கள்
பொருள்: நீலக்குறிஞ்சி – நீண்டகாலம் பணிக்கு வராமை – ஒழுங்கு நடவடிக்கை கோருதல் தொடர்பாக

ஐயா,

பழனி மலையின் உச்சிப் புல்வெளியில் நீலக்குறிஞ்சி என்றொரு செடி காலங்காலமாக இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தானாம். நடுவில் பதினொரு வருடம், ஓரம் பல்பல்லாக வெட்டிய இலையோடு, யாரும் திரும்பிப் பார்க்காத வெறும் புதர். மூன்று வருடத்தில் மாறுதலாகிப் போகும் அதிகாரி இதன் வேலையை எப்படி மதிப்பிடுவார்? பூத்துக் காய்த்ததும் விதையைக் கொட்டிவிட்டுச் செத்தும் போகிறது. அந்த மண்ணில் தாங்கள் குழி வெட்டிக் கன்று நட்டுவிட்டால், கருணை அடிப்படையில் வாரிசு வேலை கேட்டுக்கூட யாரும் வர முடியாது. ஆகவே 17பி குற்றக் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்கவும்.

சீகை (வாட்டில்) மரத்தைப் பாருங்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கூட்டி வந்தோம். இன்று நாமே போகச் சொன்னாலும் நாற்காலியை விடுவதில்லை. வெட்டினால் துளிர்க்கிறது; தீ வைத்தால் மண்ணுக்குள் கிடந்த விதையெல்லாம் எழுந்து நிற்கிறது. சீகை, தைலமரம், பைன், விவசாயம் எல்லாம் சேர்ந்து உழைத்ததில், 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. செயற்கைக்கோள் படமே சாட்சி.

மரமில்லாத இடம் சும்மாதானே கிடக்கிறது என்பீர்கள். வெட்டவெளியில் உறைபனி விழுந்து சோலைக்காட்டுக் கன்றுகளைக் கருக்கிவிடுவதால், சோலை பள்ளத்தோடு நின்றுகொண்டு சரிவைப் புல்லுக்கு விட்டிருக்கிறது. மழையைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுவதும் அந்தப் புல்தான். வரையாடும் அங்கேதான் மேய்கிறது. மாநில விலங்குதான், ஆனாலும் கன்று நடும் விழாவுக்கு அதற்கு அழைப்பு கிடையாது.

குறிஞ்சியை யாரும் மதிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2006-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அதே ஆண்டு கேரளம், வட்டவடை, கொட்டக்கம்பூர் பக்கம் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தது. எல்லை எது, பட்டா யாருடையது என்ற தகராறு தீர்வதற்குள் அடுத்த பூப்பே வந்துவிட்டது.

2030-இல் சுற்றுலாக் கூட்டம் அலைமோதும். வாகன நிறுத்துமிடத்துக்கு இப்போதே இடம் பார்த்துவைக்க வேண்டுகிறேன். எஞ்சியிருக்கும் புல்வெளி வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொடைக்கானல்வாசி ஒருவன்

நகல்:
1. தங்களுக்குப் பிறகு மாறுதலில் வருபவர்
2. அவருக்கும் பிறகு, 2030-இல் பூ எங்கே என்று கேட்கப்படுபவர்