திறனற்றவரின் திறன் விளையாட்டு

மும்மொழிக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்க மறுக்கிறது என்று தில்லியில் இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்கள். ஒரு நடை கும்மிடிப்பூண்டிக்கு வந்து பார்த்தால் மனம் குளிர்ந்துபோவார்கள். சிப்காட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அது எப்போதோ அமலாகிவிட்டது. பந்தய ரேட்டு இந்தியில், பெட்டிங் ஐடி ஆங்கிலத்தில், தோற்றதும் வாயில் வருவது சுத்தத் தமிழில். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் உபரியாகத் தெலுங்கிலும் இரண்டு வார்த்தை விழும். ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த பரம்பரை நாங்கள். 'லகாயா', 'காயா' என்ற இரண்டு இந்திச் சொற்கள் எங்கள் பையன்கள் நாக்கில் ஏறி உட்கார்ந்தபோது ஒரு சொட்டுத் தாரும் செலவாகவில்லை.

ஜெயிக்கும் என்று ஓர் அணியின் மேல் கட்டினால் லகாயா. ஜெயிக்காது என்று எதிரே நின்றால் காயா. புக்கி 'சென்னை நாப்பது நாப்பத்திரண்டு' என்கிறான் என்று வையுங்கள். நூறு ரூபாய் லகாயா போட்டவனுக்கு, சென்னை ஜெயித்தால் 40 ரூபாய் வரும். தோற்றால் நூறும் போகும். காயா போட்டவனுக்கு, சென்னை தோற்றால் நூறு வரும். ஜெயித்தால் 42 கொடுக்க வேண்டும். ஒருவனிடம் 42 வாங்கி இன்னொருவனிடம் 40 கொடுக்கும் அந்த இரண்டு ரூபாய் இடைவெளியில்தான் எங்கேயோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் ஒருத்தன் பங்களா கட்டுகிறான். காயா என்றால் இந்தியில் 'தின்றான்' என்று பொருள். 'காயா, பழமா?' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கேட்கவே வேண்டாம், என்றைக்கும் காயாதான். தின்றவன் யார் என்பது மட்டும் தெரியாது.

நான் ஒரு சிறிய ஆலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். கிரிக்கெட் பார்ப்பதில்லை, ஆனால் நேற்று யார் ஜெயித்தார்கள் என்பதை என் மேஜைக்கு வரும் அட்வான்ஸ் வவுச்சரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் எங்கள் தொழிலாளிகளின் அம்மாக்களுக்கெல்லாம் ஒட்டுமொத்தமாக உடம்பு முடியாமல் போய்விடும். இறுதிப் போட்டி முடிந்த மறுவாரம் எல்லா அம்மாக்களும் எழுந்து நடமாடத் தொடங்குவார்கள்.

அப்படி ஓர் அம்மாவின் மகன்தான் நான் சொல்ல வந்த தம்பி. பக்கத்து ரோலிங் மில்லிலிருந்து எங்களிடம் வந்தவன். உலையிலிருந்து வெளியே வரும் பில்லட்டின் சிவப்பைக் கண்ணால் பார்த்தே, "இன்னும் ரெண்டு நிமிஷம் உள்ள கெடக்கட்டும், இப்ப ரோல்ல விட்டா மாட்டிக்கும்" என்று சொல்லக்கூடியவன். முழங்கை வரை பொறி தெறித்த தழும்பு. கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனதால் ஆலை வாசலில் வருகைப் பதிவு இயந்திரம் தினமும் காலையில் அவனை 'யார் நீ?' என்று கேட்கும். பெட்டிங்காரன் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நாலு இலக்க எண்ணை அழுத்தியதும் 'வாங்க, வெற்றியாளரே' என்பான்.

ஓர் இரவு அந்த பெஞ்சில் நானும் இருந்தேன்.

"இன்னாண்ணா செஷன்?" என்றான் தம்பி.

"ஆறு ஓவர், நாப்பத்தெட்டு அம்பது" என்றான் மாஸ்டர். ஐடி கொடுப்பவனுக்கு மாஸ்டர் என்று பெயர். அவனுக்கு மேலே சூப்பர் மாஸ்டர் உண்டு. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவரை நாம் வாத்தி என்று கூப்பிடுகிறோம்.

"அம்பது எஸ். ஐந்நூறு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடிசாக்காரப் பையன், "நாப்பத்தெட்டு நோ" என்றான். அவனும் ஐந்நூறு.

ஆறு ஓவர் முடிந்தது. 49 ஓட்டம். 50 வந்தால் எஸ் ஜெயிக்கும், 47-க்குள் நின்றால் நோ ஜெயிக்கும். 49-இல் இரண்டும் தோற்கும். எதிரெதிராகப் பந்தயம் கட்டிய இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எப்டிண்ணா, ரெண்டுல ஒருத்தன் ஜெயிக்கணுமே?"

"ரூல்ஸ் தம்பி."

ஆயிரம் ரூபாய். ஒருவன் பத்து மணி நேரம் இரும்புச் சூட்டில் நின்றாலும் அவ்வளவு வராது. மாஸ்டர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் ஊதியது ஒன்றுதான் அந்த இடத்தில் வேலை என்று சொல்லத்தக்கதாக நடந்தது.

இந்தத் தொழிலின் சாமர்த்தியம் கணக்கில்கூட இல்லை, சொல்லில் இருக்கிறது. பணம் என்ற சொல் அங்கே கிடையாது, பாயிண்ட், காயின். பணம் போனால் வலிக்கும், பாயிண்ட் போனால் விளையாட்டு. போனஸ் என்பார்கள்: முதல் டெபாசிட்டுக்கு நூறு சதவீதமாம்! 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்ச 8.33 சதவீதத்தை வாங்க ஆலை வாசலில் தொண்டை வறளக் கோஷம் போடுகிறவனிடம், கேட்காமலேயே நூறு சதவீதம் நீட்டுகிற முதலாளியை அவன் எப்படிச் சந்தேகப்படுவான்? வேலையை விட்டு நின்றால் வருவது செட்டில்மென்ட் என்று அவனுக்குத் தெரியும். இங்கே வாராவாரம் செட்டில்மென்ட், ஆனால் கொடுப்பது இவன். ஃபேன்சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம்மூரில் ஃபேன்சி என்றால் வளையல் கடை. பெண்டாட்டி கையில் இருந்த வளையல் எந்தக் கடைக்குப் போனது என்பதைத் தனியே எழுத வேண்டியதில்லை. லட்சத்துக்குப் 'பெட்டி' என்பது புக்கிகளின் பழைய குழூஉக்குறி. அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தேர்தல் பார்த்த மக்கள் நாம்.

ஆனால் இந்த அகராதியிலேயே விலை உயர்ந்த சொல் டீக்கடையில் பிறக்கவில்லை. அது நீதிமன்றத்தில் பிறந்தது: 'திறன்'.

குதிரைப் பந்தயத்தின் மேல் பணம் கட்டுவதை ஒழிக்க 1974-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது. நியாயம்தான், குதிரைக்குத் திறன் இருக்கிறது. கற்பனை அணி கட்டிக் காசு வைப்பதும் திறன்தான் என்று 2017-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. ரம்மியும் போக்கரும் திறனே என்று 2023 நவம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சரி, இனி என் சம்பளப் பதிவேட்டைத் திறக்கிறேன். பில்லட்டின் நிறம் பார்த்துச் சூடு சொல்லும் இந்தத் தம்பிக்கு எதிரே 'வகைப்பாடு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அன்ஸ்கில்ட். திறனற்றவர். அவன் சம்பாதிக்கும்போது திறன் கிடையாது. தோற்கும்போது மட்டும் திறன் வந்துவிடுகிறது. ஒரு நாட்டின் அறிவு முழுவதும் கூடி ஒருவனை ஏமாற்ற வேண்டும் என்றால் இப்படித்தான் சொற்களைப் பங்கு போடும்.

திறனுக்கு வரியும் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் தொகை முழுவதன் மேலும் 28 சதவீத ஜி.எஸ்.டி. புக்கி இரண்டு ரூபாய் இடைவெளியோடு திருப்தி அடைந்தான், பாவம்.

தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 1 அன்று ஆன்லைன் சூதாட்டத் தடைக்கு அவசரச் சட்டம் வந்தது, ஆளுநர் ஆர்.என். ரவியே கையெழுத்திட்டார். அதே மாதம் 19-ஆம் தேதி சட்டமன்றம் அதை மசோதாவாக நிறைவேற்றி அனுப்பியது. தன் கையெழுத்தைத் தானே அடையாளம் தெரியாதவர்போல அவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் தந்தார். நடுவே அந்த மாதங்களில் மசோதா எஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை. சரியாக 49-இல் நின்றது. அந்த எண்ணில் யார் ஜெயிப்பார்கள் என்பது டீக்கடை பெஞ்சுக்குக்கூடத் தெரியும். ஆளுநர் மாளிகையும் கிண்டியில், குதிரை ஓடிய மைதானமும் கிண்டியில். காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கலாம்.

இன்னொரு சொல் 'ஆர்வலர்'. 2013 மே மாதம் சூதாட்டப் புகாரில் சென்னை அணி முதலாளியின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானபோது, அணியின் தலைமைப் பொறுப்பில் அவர் இல்லை, கிரிக்கெட் மேல் ஆர்வம் கொண்டவர் என்ற ரீதியில் விளக்கங்கள் பறந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு அவரை அணியின் அதிகாரி என்றே கொண்டது. 2015 ஜூலையில் லோதா குழு அவருக்கு வாழ்நாள் தடையும் அணிக்கு இரண்டு ஆண்டுத் தடையும் விதித்தது. 2018-இல் அணி திரும்பி வந்து கோப்பையும் வாங்கியது. நாங்கள் விசில் அடித்தோம். நானும் அடித்தேன், அந்த ஒரு நாள் மட்டும். மாமனாருக்கு அணி இருந்தால் ஆர்வலர், சிப்காட் பெஞ்சில் உட்கார்ந்தால் சூதாடி. தம்பி பிடிபட்டால் மாநிலச் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ காத்திருக்கிறது. ஆர்வத்துக்கு அதில் பிரிவு இல்லை.

எங்கள் 'சின்னத் தல' சுரேஷ் ரெய்னாவையும் விட்டுவிட முடியாது. பெட்டிங் தளம் ஒன்றுக்கு விளம்பரம் செய்த விவகாரத்தில் 2025 நவம்பரில் அவருடைய முதலீடுகளையும் ஷிகர் தவனின் சொத்தையும் சேர்த்து 11.14 கோடி ரூபாய் மதிப்புக்கு அமலாக்கத்துறை முடக்கியது. வழக்கு முடியட்டும், தீர்ப்பு வரட்டும். நான் கேட்பது வேறு. தம்பியின் போனில் அந்தச் சிரிப்பு எத்தனை இரவு ஓடியது என்பதை எந்தத் துறை கணக்கெடுக்கும்?

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு விழித்தது. 20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் கையெழுத்து. திறனோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன் விளையாட்டில் பணம் கட்டினால் தடை. பல வருஷம் நீதிமன்றம் நீதிமன்றமாக வளர்த்த 'திறன்' மூன்றே நாளில் செத்தது. ஒரு மாலைகூட விழவில்லை. இந்திய அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 பெயர் உதிர்ந்தது, டயர் கம்பெனி ஒட்டிக்கொண்டது. ஆப்கள் கடையைச் சாத்தின. ஐடி சாத்தவில்லை. அதற்குக் கடையே கிடையாதே. வாட்ஸாப்பில் ஒரு எண், ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பெயரில் யு.பி.ஐ.

அந்த யு.பி.ஐ. பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? எங்கள் மாவட்டத் தலைநகரில் 'எவ்வுள்?' என்று பெருமாள் படுக்க இடம் கேட்டதால் அது திருஎவ்வுள் ஆகிப் பின்பு திருவள்ளூர் ஆனது என்பது தல புராணம். எட்டுப் பேர் ஒண்டும் தகர ஷெட்டில் தம்பியும் தினம் இரவு அதையேதான் கேட்கிறான். வாடகைக்கு விட அவனிடம் வீடு இல்லை. வங்கிக் கணக்கு இருந்தது. மாஸ்டர் அதை மாதம் 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டான். போலீஸ் அகராதியில் இதற்கு 'மியூல் அக்கவுன்ட்' என்று பெயர், கோவேறு கழுதை. பொதி யாருடையது என்று கழுதையிடம் யாரும் சொல்வதில்லை.

போன மாதம் 7-ஆம் தேதி சம்பளம் போட்டேன். மறுநாள் தம்பி வந்து நின்றான். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. முகம் தெரியாத ஏதோ ஓர் ஊர்ப் போலீஸ், ஏதோ ஒரு புகார். உள்ளே போன சம்பளம் உள்ளேயே கிடக்கிறது, எடுக்க முடியாது. மாஸ்டரின் எண் ஸ்விட்ச் ஆஃப்.

"ஊருக்குப் போலாம்னா டிரெயினுக்குக்கூட துட்டு இல்ல சார். கையில ஒரு ரெண்டாயிரம் அட்வான்ஸ் போட்டுக் குடுங்க."

வவுச்சரை எடுத்துப் பெயரும் தொகையும் எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இன்னா சார் எழுதறது?" என்றான்.

வழக்கம்போல 'தாயார் மருத்துவச் செலவு' என்று எழுதி, கையெழுத்துக்காக அவன் பக்கம் தள்ளினேன். போன வருஷம் அவன் பி.எஃப். நாமினி கட்டத்தில் அம்மா பெயரை அடித்துவிட்டுத் தங்கச்சி பெயரை எழுதியவன் நான்தான்.