பார் கணக்கு

கார் நிற்கும் சிமென்ட் தளத்தைக் கழுவ பிரஷர் வாஷர் வாங்கப் போகும் நம்மவர், கடைக்காரரிடம் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனை பார்?" 130 என்றால் முகம் மலரும்; 150 என்றால் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மறந்தும் கேட்கமாட்டார். அழுக்கைப் பெயர்ப்பது பார் கணக்கில் சொல்லும் அழுத்தம். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச அழுத்தம். வேலை செய்யும் அழுத்தம் அதைவிடக் குறைவு, எழுத்தும் அப்படியே.

அடுத்தது நாசில். பச்சை நிற நாசிலில் தாரை விரியும் கோணம் 25 டிகிரி, வெள்ளையில் 40; அகலமாய்ப் பரவி, தளத்தை நோகடிக்காமல் கழுவும். சிவப்பு 0 டிகிரி. ஒற்றைத் தாரையாய்ப் பாய்ந்து சிமென்டையே செதுக்கிவிடும். நம்மவர் கை எதை எடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

எண்ணெய்க் கறைக்கு டிகிரீசர் ஊற்றி ஊறவிட வேண்டும். ஊறவைப்பதில் என்ன வீரம்? நேரே தாக்குதல்தான். மாலையில் கறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் வரிவரியாய்ப் புதுக் கோடுகள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து மனதார விசாரிக்கிறார்: "டிசைன் பிரமாதம் சார், எந்தக் கொத்தனார்?"