கலர் ஏறாத கல்யாணம்

ஏங்கண்ணு, ஐப்பசியில தாலி கட்டின பொண்ணுக்கு இந்த ஆனியில வளைகாப்பாம். அவ கல்யாண வீடியோ மட்டும் இன்னும் உன்ற கம்ப்யூட்டருக்குள்ளயே உக்காந்திருக்குது. கேட்டா, "கலர் பண்ணீட்டிருக்கேன் அப்புச்சி"ங்கற. பண்ணு சாமி, நல்லாப் பண்ணு. இன்னும் சித்தெ தள்ளிப் போட்டீன்னா கல்யாணம், வளைகாப்பு ரெண்டையும் ஒரே பென்டிரைவுல குடுத்தரலாம். அந்தக் காசாச்சும் மிச்சமாகும்.

கிராபிக்ஸ் கார்டு புதுசா வேணும்னு உங்கப்பன்கிட்ட மனுப் போட்டிருக்கறயாமா. வாங்கிக்கோ, ஆருடைய காசு? ஆனா ஒண்ணு. கேமராவுல இருந்து வர்ற எச்.265 கோப்பு, எடம் மிச்சம் புடிக்கறதுக்காக ஒரு பிரேமை இன்னொரு பிரேமோட முடிஞ்சு வெச்சது. ஒண்ணைக் காட்டறதுக்கு அக்கம்பக்கத்துல நாலை அவுத்தாகோணும். அதை அப்பிடியே போட்டு ஓட்டினா நல்ல மிசினும் திக்கத்தான் செய்யும். ரவைக்குச் சோத்துக்குப் போறப்ப எடிட்டுக்குன்னு லேசான நகலா புராக்ஸி போட உட்டுட்டுப் போ, வெடியால வந்து பாரு, ஓடும். அப்பறம் இருட்டு ஷாட்டு ஒண்ணுக்காக எல்லாக் கிளிப்புக்கும் நாய்ஸ் ரிடக்சன் அப்பி வெச்சிருக்கறயே, அதுதான் மிசினைப் படுக்க வெக்கறது. வேண்டிய ஷாட்டுக்கு மட்டும் போட்டு ரெண்டர் கேஷ்ல தள்ளு. மிசின் சமாச்சாரம் இவ்வளவுதான். மீதித் தாமசம் பூராவும் உன்ற கையில இருக்குது.

நேத்து பின்னாடி உக்காந்து பாத்தனே! மொதக் கிளிப்புல பச்சையைக் கொறச்சே. ரெண்டாவதுல மஞ்சளைக் கொறச்சே. பத்தாவதுக்கு வந்தப்ப மொதலுது செவப்பாத் தெரிஞ்சுது, திரும்பி ஓடினே. அதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா எல்லாமே வேறயாத் தெரியுதுன்னே. தெரியாம என்ன பண்ணும்? எதைப் பாத்தாலும் கண்ணு கொஞ்ச நேரத்துல அதுக்குப் பழகிக்குது.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தோம். 2011 சனவரியில ஐகோர்ட்டு சொல்லித் திருப்பூருச் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு உழுந்துச்சே, அது வரைக்கும் நான் லேப் டிப் போட்ட ஆளு. பையர் ஒரு துண்டுத் துணி அனுப்புவான். அந்த ஷேடுக்கு உள்ளங்கையளவு துணியில ஏ, பி, சின்னு டிப் போட்டு அனுப்புவோம். அவன் லைட் பாக்ஸுக்குள்ள வெச்சு, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84, அப்பறம் மஞ்ச பல்புன்னு மாத்தி மாத்திப் பாப்பான். ஒண்ணு ஓக்கே ஆனாத்தான் மிசினுக்குள்ள ரோல் துணி போகும். உள்ள போன பொறவு ஷேடு ஒதுங்குச்சுன்னா டாப்பிங் போடோணும். மறுக்காத் தண்ணி, மறுக்கா ஆவி, அந்த லாட்டுல லாபம் சாக்கடையோட போச்சு. நீ பண்றது என்னன்னா, டிப்பே போடாம ஒவ்வொரு பனியனையும் தனித்தனியாத் தொட்டியில முக்கிப் பாத்துட்டிருக்கற.

ஒரே வெளிச்சத்துல எடுத்த ஷாட்டையெல்லாம் ஒண்ணாச் சேத்து லாட்டுப் பிரி கண்ணு. இணைச்சீருச் சடங்கு ஒரு லாட்டு, முகூர்த்தம் ஒரு லாட்டு, ரிசப்சன் ஒரு லாட்டு. லாட்டுக்கு ஒரு ஷாட்டை எடுத்து அதை மட்டும் உக்காந்து சரி பண்ணு. மொதல்ல வெளிச்சம், அப்பறம் வெள்ளை, அப்பறம் நெறம் எச்சா கம்மியா. உன்ற டாவின்சி ரிசால்வ்ல குரூப்புன்னு ஒண்ணு இருக்குதல்ல, லாட்டை அதுக்குள்ள போடு. கேமராச் சங்கதி பிரீ கிளிப்புல, சினிமா மாதிரி தெரியோணும்னு நீ ஆசைப்படற லுக்கு போஸ்ட் கிளிப்புல. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து "கொஞ்சம் பளிச்சுன்னு வெய்யி தம்பி"ன்னா ஒரு எடத்துல திருப்புவே, லாட்டே மாறும். குரூப்புல அடங்காத ஷாட்டுக்கு, அதை செலக்ட் பண்ணி வெச்சுட்டு சரி பண்ணின ஷாட்டு மேல மவுஸோட நடுப் பட்டனை ஒரு அமுக்கு, கிரேடு இங்க வந்துரும். உன்ற பட்டன் புதுசு மாதிரியே இருக்குது, தொட்டதேயில்ல போல.

இந்த ரோதனையில பாதி மண்டபத்துலயே ஆரம்பிச்சுது. மேடையில ஊதா எல்.இ.டி., இக்கட்டால வீடியோ லைட்டு, வாசல்ல வெடிஞ்சும் வெடியாத நீல வெளிச்சம். இதுக்குள்ள ரெண்டு கேமராவையும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்ல உட்டா, சடங்கு நடத்தற அருமைக்காரர் தாலி எடுத்துக் குடுக்கறதுக்குள்ள ரெண்டும் நெறத்தை மாத்திக்கும். கையும் ஒடம்பும் வேற வேற லாட்டுல வெட்டின பனியன் வர்றது அப்பிடித்தான். கெல்வினைப் பூட்டு, ரெண்டு கேமராவுலயும் ஒரே எண்ணு. வெள்ளைக்கு வேட்டியை நம்பாதே! நீலம் முக்கின வேட்டி அது. அதை வெள்ளைன்னு எடுத்துக்கிட்டா கேமரா நீலத்தை எடுக்கப் போயி எல்லார் மூஞ்சியிலயும் மஞ்ச ஏத்தீரும். சாம்பல் அட்டை ஒண்ணு வாங்கி, லைட்டு மாறறப்பெல்லாம் ஒரு நொடி காட்டு. நீ கேக்கற கிராபிக்ஸ் கார்டு வெலையில ஒரு துளிதான் வரும்.

அடுத்தது பொண்ணு மூஞ்சிக்கு வட்டம் போட்டு, அதை ட்ராக் பண்ணி வெள்ளையடிக்கறயே, அது. ஆரு சொன்னா? பொண்ணோட அத்தை சொன்னாளாக்கும். வெக்டர்ஸ்கோப்புல தோலுக்குன்னு ஒரு கோடு இருக்குது பாரு. கறுப்போ செவப்போ, மனுசத் தோலு அனேகமா அதை ஒட்டித்தான் உழுகும். வித்தியாசம் வெளிச்சத்துலயும் செறிவுலயும்தான். அந்தக் கோட்டுல நிக்க வெச்சா முடிஞ்சுது சோலி. வேகாத வெயில்ல நடந்து வளந்த புள்ளையை சுண்ணாம்பாக் காட்டறதுக்கு நீ ரெண்டு ராத்திரி முழிச்சே. கட்டினவன் நேருல பாத்துப் புடிச்சுத்தானே கட்டினான்?

அந்தக் காலத்துல கலரை எப்பிடிச் சரி பண்ணினாங்கன்னு கேளு. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல "அலிபாபாவும் 40 திருடர்களும்" எடுத்தாங்க. தமிழ்ல மொத முழுநீளக் கலர்ப் படம். பொறவு பிலிம் லேப்ல கிரேடிங் பண்றவருக்கு இருந்தது மூணே வெளிச்சம். செவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 50 புள்ளி வரைக்கும். ஷாட்டைப் பாப்பாரு, மூணு எண்ணு எழுதுவாரு, அடுத்த ஷாட்டு. அந்த பிரின்டர் லைட்டை உன்ற ரிசால்வ்லயும் வெச்சிருக்கான். கலர் மெனுவுல தட்டி உட்டா எண் சாவிகள்லயே புள்ளி புள்ளியா ஏத்தி எறக்கலாம். முக்காவாசிக் கல்யாண ஷாட்டு அதுலயே அடங்கும். நீதான் நோடு மேல நோடு கோத்து, எந்த நோடு எதுக்குன்னு நீயே முழிக்கற.

எக்ஸ்போர்ட்டுக்காரருக்கு பனியன் காட்டலாக் வீடியோ பண்றயே, அங்க இந்த லுக்கு சங்கதியெல்லாம் வேண்டாம். ஆறு வாரம் அலைஞ்சு பையர்கிட்ட ஓக்கே வாங்கின கருநீலத்தை நீ ஆரஞ்சும் பச்சையுமா மாத்திப்போட்டீன்னா, துணியை ஆரும் சந்தேகப்பட மாட்டாங்க, உன்ற பில்லைத்தான் சந்தேகப்படுவாங்க.

ஆடி பொறக்கப் போகுது, ஒரு மாசத்துக்கு முகூர்த்தம் கெடையாது. கோழிக் கறி தின்னுட்டுத் தூங்காம, இது வரைக்கும் எடுத்த மண்டபங்கள்ல லாட்டுக்கு ஒரு ஸ்டில் புடிச்சு பவர்கிரேடு ஆல்பத்துல பேரெழுதிப் போட்டு வெய்யி. அடுத்த புராஜெக்டுலயும் அது அங்கயே இருக்கும். கார்டு மனுவை ஆவணிக்கு மேல பாக்கலாம், உங்கப்பன்கிட்ட நானே பேசறேன்.