மேலேயிருந்து வந்த உபகாரம்

1948-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பீவர் மழை பெய்தது. ஒவ்வொன்றும் பாராசூட் கட்டிய பெட்டிக்குள் உட்கார்ந்து, உயிரோடு, ஆடி அசைந்து வந்து இறங்கியது. அனுப்பியது வருண பகவான் அல்ல. மாநிலத்தின் வேட்டை மற்றும் மீன்வளத் துறை.

பீவர் என்பது முன்பற்களாலேயே மரத்தை அறுத்து, ஓடையை மறித்து, டெண்டர் விடாமல் அணை கட்டுகிற பெரிய கொறிவிலங்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐடஹோவின் ஏரிக்கரைகளில் ஜனங்கள் வந்து வீடு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த பீவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததையே செய்தன. மரம் சாய்ந்தது, தோட்டத்தில் தண்ணீர் ஏறியது. நேற்று வந்தவர்கள் புகார் கொடுக்க, பூர்வகுடிகள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் சேம்பர்லின் படுகையில் மனிதரும் இல்லை, சாலையும் இல்லை. அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

முதலில் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றிப் பார்த்தார்கள். பீவருக்கு வெயில் ஆகாது. வழியெல்லாம் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். முதுகில் ஒரு நாற்றம்பிடித்த ஜோடி உதறிக்கொண்டே வருவது கழுதைக்கு ஆகாது. இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்மோ ஹீட்டர் என்ற அதிகாரிக்கு, போரில் மிஞ்சிய பாராசூட்டுகள் சும்மா கிடப்பது நினைவுக்கு வந்தது. கிடங்கில் தேங்கிய சரக்கைப் பார்த்துக் கொள்கை வகுப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை போலிருக்கிறது.

பெட்டியை வில்லோ மரக் குச்சிகளால் பின்னலாம் என்பது முதல் யோசனை. தரையிறங்கியதும் அதைக் கடித்துத் தின்றுவிட்டு வெளியே வந்துவிடும் என்று கணக்கு. இறங்கின பிறகுதான் கடிக்க வேண்டும் என்று பீவருக்கு யார் சொல்வது? விமானத்திலேயே கடிக்க ஆரம்பித்தால் என்ன ஆவது? அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, தரையில் மோதியதும் தானாகத் திறந்துகொள்ளும் மரப்பெட்டி வந்தது.

ஒத்திகைக்கு வயசான ஆண் பீவர் ஒன்றைப் பிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஜெரோனிமோ. பாராசூட் வீரர்கள் குதிக்கும்போது போடும் கூச்சலும் அதுதான். ஜெரோனிமோவை மேலேயிருந்து போட்டார்கள். பெட்டி திறந்தது, அது வெளியே ஓடியது, ஓர் ஆள் துரத்திப் பிடித்தார், மறுபடி பெட்டி, மறுபடி வானம். திரும்பத் திரும்ப இதே கதை. கடைசியில் ஆள் கிட்டே வந்தாலே ஜெரோனிமோ தானாகப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டதாம். காலை எட்டரை மணி மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு அந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நன்றி மறக்காத துறை. காட்டுக்குக் கிளம்பிய முதல் விமானத்தில் ஜெரோனிமோவுக்கு இடம். துணைக்கு மூன்று இளம் பெண் பீவர்கள். போய் இறங்கியதும் மூன்று மனைவிமாரும் புது வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்கள். தலைவர் மட்டும் வெகுநேரம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஹீட்டர் 1950-ல் ஓர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. கட்டுரை காரணம் சொல்லவில்லை. வெளியே வந்தால் மறுபடி தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்திருக்கும் என்பது என் ஊகம்.

மொத்தம் 76 பீவர்கள் போயின. ஒன்று மட்டும் நடுவானில் பெட்டியிலிருந்து வெளியேறி, விழுந்து இறந்தது. மற்றவை அடுத்த வருடமே அணை கட்டிக் குடும்பம் நடத்தின. நான்கு பீவர்களை அனுப்ப ஆன செலவு சுமார் 30 டாலர். திட்டம் வெற்றி. பயணிகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

பத்து வருடம் கழித்து, ஃபிராங்ஃபர்ட் மிருகக்காட்சிசாலை இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் மகன் மைக்கேலும் விலங்கை ஆகாயத்திலிருந்து போட அல்ல, ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி மந்தைகளை ஆகாயத்திலிருந்து எண்ணப் போனார்கள். தங்கள் குட்டி விமானத்துக்கு வரிக்குதிரைக் கோடு போட்டிருந்தார்கள். நீல வானத்தில் வரிக்குதிரை எதோடு கலந்து மறையும் என்பது தெரியவில்லை. 1959 ஜனவரியில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோதி அந்த விமானம் விழுந்தது. மைக்கேல் இறந்தபோது வயது 24. அவர் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை பணியில் இறந்த காட்டுயிர் ஆய்வுப் பணியாளர்கள் என்று பட்டியலிடப்பட்ட 91 பேரில் 60 பேரைக் கொண்டுபோனது கரடியோ பாம்போ இல்லை, வானூர்தி விபத்து.

ஆகவே ஆள் ஏறாத விமானம். 2012-ல் லியான் பின் கோ, செர்ஜ் விச் என்ற இருவர் பொழுதுபோக்குக்காரர்கள் பறக்கவிடும் மாடல் விமானத்தில் கேமராவைப் பொருத்தி சுமத்ராவில் ஏவினார்கள். செலவு 2,000 டாலருக்குள். ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வொரு இரவும் மர உச்சியில் புதிதாகப் படுக்கை போடும். படுக்கைகளை எண்ணினால் ஆளைக் கணக்கெடுத்துவிடலாம். அட்டையும் சேறுமாக மாதக்கணக்கில் நடந்து எண்ணியவர்களுக்கு இது வரப்பிரசாதம். உலகம் முழுக்கக் காட்டிலாக்காக்கள் ட்ரோன் வாங்கப் புறப்பட்டன.

இந்த முறை பயணிகள் கருத்துச் சொன்னார்கள்.

மினசோட்டாவின் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்பு மானியைப் பொருத்தி, தலைக்குமேல் ட்ரோனை ஓட்டிப் பார்த்தார்கள். கரடிகள் பெரும்பாலும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பேஷ், தொந்தரவே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மானியைப் பார்த்தால், குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க்கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பது சொச்சத்திலிருந்து 162-க்குப் போயிருந்தது. இது வெளியானது 2015-ல். அதே வருடம் ஏப்ரலில் நெதர்லாந்தின் ஆர்னெம் மிருகக்காட்சிசாலையில் ஒரு டிவி குழு சிம்பன்சிகளைப் படமெடுக்க ட்ரோன் விட்டது. டூஷி என்ற பெண் சிம்பன்சி நீளமான கிளையோடு உயரத்தில் ஏறி உட்கார்ந்தது. முதல் வீச்சு தவறியது. இரண்டாவது வீச்சில் ட்ரோன் தரைக்கு வந்தது. உடைந்து கிடந்த ட்ரோனின் கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததால், தீர்ப்பு வழங்கிய முகம் பதிவாயிற்று. அடிக்குமுன் டூஷி பல்லைக் கடித்து முகத்தை இறுக்கியதை வைத்து, இது பயத்தில் செய்ததல்ல, திட்டமிட்டது என்று விஞ்ஞானிகள் கட்டுரையே எழுதினார்கள்.

டச்சுப் போலீஸ் இதிலிருந்து ஊக்கம் பெற்றதா தெரியாது. 2016-ல் அத்துமீறும் ட்ரோன்களைப் பிடிக்கக் கழுகுகளைப் பழக்கினார்கள். இராவணனின் வாகனத்தை மறித்த ஜடாயுவுக்குச் சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை. இவற்றுக்கு இரண்டும் உண்டு. அடுத்த வருடக் கடைசியில் திட்டத்தை மூடிவிட்டார்கள்: செலவு அதிகம், கழுகுகள் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை.

கென்யாவின் மாரா பகுதியில்தான் ஒரு புத்திசாலித்தனம் நடந்தது. யானைகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க யானைக் காவலர்கள் முந்நூறு டாலர் பொம்மை ட்ரோன் ஒன்றை அனுப்பினார்கள். யானைகள் பிடித்தன ஓட்டம். தேனீக் கூட்டம் என்று நினைத்திருக்கலாம். தேனீயின் ரீங்காரம் கேட்டாலே யானை ஓடும் என்பது முன்பே சோதித்த உண்மை. பார்க்கப் போனது உபயோகப்படவில்லை, சரி, விரட்டவாவது உபயோகப்படுமே என்று மேலும் ட்ரோன்களை வாங்கி, பயிருக்குள் வரும் யானைகளைத் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். இதே சூத்திரம் தலைகீழாக நடந்தது நம் கம்பத்தில். 2023 மே மாதம் ஊருக்குள் வந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை வனத்துறை ஓரிடத்தில் நிறுத்திவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்க, ஒரு யூடியூபர் வீடியோவுக்காக ட்ரோன் விட்டார். யானை மிரண்டு கிளம்பியது. யூடியூபரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

இத்தனையிலும் அண்ணாந்து முறைக்காத பெரியவர் திமிங்கிலம்தான். முன்பெல்லாம் அதன் உடல்நிலை அறிய, படகில் துரத்திப்போய் அம்பெய்து தோல் துணுக்கு எடுக்க வேண்டும். துரத்தலால் வரும் கலவரத்தை விட்டுவிட்டு மற்றதை அளக்க வேண்டும், அதுதான் சிக்கல். ஓஷன் அலையன்ஸ் அமைப்பின் இயன் கெர், ட்ரோனின் மேல் ஆய்வகத் தட்டுகளை ஒட்டி, திமிங்கிலம் மூச்சுவிடும் இடத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அது புஸ்ஸென்று ஊத, தட்டு நிறையச் சளி. அதில் மரபணு, ஹார்மோன், நுண்ணுயிர் எல்லாம் கிடைக்கும். கருவிக்குக் கூச்சமே இல்லாமல் ஸ்நாட்பாட், அதாவது சளி ரோபோ, என்று பெயர் சூட்டினார்கள். பணம்தான் இல்லை. 2015-ல் பொதுமக்களிடம் வசூல் செய்யக் கிளம்பியபோது, ஸ்டார் ட்ரெக் தொடரில் விண்கலத் தலைவராக வந்த பாட்ரிக் ஸ்டூவர்ட், கணீரென்ற அதே குரலில், திமிங்கிலத்தின் மூக்குச் சளிக்காக நிதி கேட்டார். ஜனங்களும் கொடுத்தார்கள்.