ஈ சுத்துற கரலாக்கட்டை

வாடா பேராண்டி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில சேர்ந்தாலும் சேர்ந்த, விடிஞ்சதுல இருந்து திண்ணையில உக்காந்து "ஹால்டெரே, ஹால்டெரே"ன்னு ஓதுற. புதுசா ஏதோ சாமி இறங்கிருச்சுன்னு உங்க அப்பத்தா திருநீறு எடுக்கப் போயிட்டா.

அது என்னன்னு நானும் விசாரிச்சேன். நம்ம மாங்காயக் கெடுக்குற பழ ஈக்கு றெக்கை ரெண்டுதான். பின்சோடி தேஞ்சுபோயி, தலை உருண்ட ரெண்டு குச்சியா நிக்குது. பறக்குறப்ப அதுகளும் விடாம வீசி அடிக்கும். உடம்பு எந்தப் பக்கம் சாயுது, திரும்புதுன்னு ஈக்குத் தாக்கல் சொல்றது அதுகதான். கிள்ளிவிட்டா ஈ தலைகுப்புற விழும். அந்தக் காலத்துக் கிரேக்கப் பயலுக நீளம் தாண்டுறப்ப ரெண்டு கையிலயும் எடைக்கட்டி பிடிச்சுக்கிட்டுத் தாண்டுவாங்களாம். முதல்ல அந்தக் கட்டிக்குத்தான் இந்த ஹால்டெரேங்குற பேரு. நம்மகிட்டக் கேட்டிருந்தா கரலாக்கட்டைன்னு சொல்லியிருப்போம். எவன் கேட்டான்?

இங்கிலீஷ்காரன் அந்தக் கிரேக்கப் பேரை ரெண்டாத்தான் வெட்டுறான்: ஹால், டியர். அழுத்தம் முதல் துண்டுல. கடைசி எழுத்து ஊமை. நீ அந்த ஊமையப் பேசவச்சு ஹால்-டெ-ரேன்னு மூணாக்குற. ஆனா பன்மைக்குப் போனா ஊமைக்கும் வாய் வந்துரும். ஹால்-டியர்-ஈஸ்னு கிரேக்க வழியில சொல்றவுகளும் இருக்காக. அப்ப அழுத்தம் நடுத்துண்டுக்குத் தாவிரும்.

நம்ம யாப்புல போட்டு அலகிட்டுப் பாத்தேன். ஹால் நேர், டியர் நிரை: கூவிளம். உன் ஹால்டெரேயும் நேர் நிரை, அதே கூவிளம்! உன் தப்பு தமிழ்க் காதுல விழவே இல்ல, பிழைச்சுப் போ. ஹால்டியரீஸ்னு சொன்னா கூவிளங்காய். ஒத்தையா நின்னப்ப வெறும் மரம், ரெண்டானதும் காய்ச்சிருச்சு பாரு. நம்ம தோப்புல இந்த வருசம் அதுகூட இல்ல.

அப்புறம், மெத்தில் யூஜினால் ஊத்தி நீ கட்டிவிட்ட பொறியப் பாத்தேன். விழுந்து கிடக்குறது பூராம் ஆம்பளை ஈ. வாசனைக்கு மயங்குறவன் அவன்தானே. தோலைக் குத்தி முட்டை வைக்கிறவ கிளையில உலாத்துறா. இதை உங்க அப்பத்தாகிட்டச் சொல்லிறாத, சிரிச்சே கொன்னுருவா.

செத்ததுல ஒன்ன எடுத்தா, கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாரேன். றெக்கைக்குப் பின்னால அந்தக் கட்டை எங்க இருக்குன்னு விரல வச்சுக் காட்டு. பேரு சொல்ல வேணாம்.