கோபுரத்தை இடித்தது யார்?

பசியாவரம் வாசகர்: வெளிநாட்டுத் தீவுகளில் பாழடைந்த பழைய மடாலயங்கள் இருக்கின்றன. நம் கடற்கரையில் அப்படி ஒன்றாவது உண்டா?

இருந்தது, நாகப்பட்டினத்தில். அது தீவில் இல்லை. ஆனால் சுமத்ரா தீவைத் தலைமையாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் எழுப்பியது. பெயர் சூளாமணி விகாரம், ஒரு பௌத்தப் பள்ளி. 1006-இல் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே அதற்கு எழுதிவைத்தான். 8943 கலம் நெல்லுக்கு மேல்!

பொன்னேரி வாசகர்: பெரிய கோயில் கட்டிய சிவபக்தன் பௌத்தப் பள்ளிக்கு ஏன் கொடுத்தான்?

சீனத்துக்குப் போகும் கப்பல் வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. வணிகம் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. 1025-இல் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் படையெடுத்தான். பள்ளியின் மானியம் பிழைத்தது. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் அதை உறுதிசெய்து புதிய செப்பேடு கொடுத்தான். சோழர் வரலாற்றில் எத்தனையோ வெற்றிகளைவிட இதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

பழவேற்காடு வாசகர்: எங்கள் ஊர் டச்சுக்காரர்களுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 1613-இல் உங்கள் ஊரில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள், 1690-இல் தலைமையிடத்தை நாகைக்கு மாற்றினார்கள். டச்சுப் பாதிரியார் ஃப்ளோரென்ஷியஸ் காம்பர் வழியாக ராஜராஜன் கொடையைச் சொல்லும் செப்பேடு கப்பலேறியது. 21 தகடுகள், சோழ முத்திரை பதித்த வளையம், சுமார் 30 கிலோ எடை. 1862-இல் அது லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனைமங்கலச் செப்பேட்டை உலகம் 'லெய்டன்' என்று அழைப்பது இதனால்தான்.

பசியாவரம் வாசகர்: விகாரத்தில் மிச்சம் என்ன?

நாகைக்கு வடக்கே மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. காரையே இல்லாமல் இழைத்து அடுக்கிய செங்கல். ஒவ்வொரு பக்கத்திலும் வாசல். ஐரோப்பியர்கள் 'சீன பகோடா' என்றார்கள். 1267-இல் சீனர் எழுப்பிய கோபுரம் ஒன்றைப் பற்றிச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றே என்பது அறிஞர் பலரின் கருத்து. கடலில் இருப்பவர்களுக்குக் கரை காட்டியது அந்தக் கோபுரம். அடையாளம் பார்த்துப் படகு திருப்பும் உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்து வரையச் செய்தார். 1867-இல் பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள். இடித்தவர்களைவிட அனுமதித்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். காக்க வேண்டிய கை அவர்களுடையது.

மீஞ்சூர் வாசகர்: பார்க்க ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது! 1856 முதல் நாகையில் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் எழும்பூர் பக்கம்தான். புத்தர் தலைமேல் தீச்சுடர் எழும்பும், அது நாகை வார்ப்பின் அடையாளம். பிறகு குனிந்து பீடத்தைப் பாருங்கள். சிலவற்றில் தமிழ் எழுத்து பொறித்திருக்கும்.